இழுத்தால் கை வருகிறது, கதவு வரவில்லை: பழைய பிக்கப்பின் லாட்ச் கேபிளைச் சரிசெய்வது எப்படி

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பதினைந்து, இருபது வயதைத் தாண்டிய பிக்கப்புகள் இன்னும் சாதாரணமாக ஓடுகின்றன. இன்ஜின் நன்றாக இருக்கும், கியரும் குறை சொல்ல முடியாது. ஆனால் நான்கு கதவில் ஏதாவது ஒன்று உள்ளிருந்து திறக்காது. ஓட்டுகிறவர் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டு, வெளிக்கைப்பிடியை இழுத்து இறங்குவார். கொஞ்ச நாளில் அது பழக்கமாகிவிடும். கோளாறு என்ற நினைப்பே போய்விடும்.

இந்தப் பழக்கத்தை விடச் சொல்லித்தான் இதை எழுதுகிறேன். தோட்டத்துச் செம்மண் சாலையில் மழை நாளில் வண்டி வழுக்கி வடிகாலில் சாய்ந்தால், பவர் விண்டோவுக்கு மின்சாரம் போனால், கண்ணாடி இறங்காது. அப்போது உள்ளிருந்து திறக்காத கதவு ஒரு சுவர். பின் இருக்கையில் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பது பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

கதவு திறக்கவில்லை என்று வொர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டால், “லாட்ச் முழுசா மாத்தணும்” என்ற பதில் எளிதாக வரும். லாட்ச் என்பது கதவை மூடிய நிலையில் பிடித்து வைக்கும் கொக்கிப் பகுதி. பல நேரங்களில் அதற்கு ஒன்றும் ஆகியிருக்காது. போனது கேபிள்; அதிலும் கேபிள் முனையில் இருக்கும் நகத்தளவு பிளாஸ்டிக். எது போனது என்பதைக் கதவின் உள்பக்க மூடியான பேனலைக் கழற்றும் முன்பே ஏறக்குறைய கண்டுபிடித்துவிடலாம். கைப்பிடி உங்கள் விரலுக்கு என்ன சொல்கிறது என்று கவனித்தால் போதும்.

கதவுக்குள் இருப்பது

உள்கைப்பிடியிலிருந்து லாட்ச் வரை போவது ஒரு மெல்லிய கேபிள். சைக்கிள் பிரேக் கேபிளைப் போலத்தான்: நடுவில் பல இழை முறுக்கிய எஃகுக் கம்பி, அதைச் சுற்றி ஒரு உறை. கம்பியின் இரண்டு முனையிலும் சின்ன உலோகக் குண்டு இருக்கும். ஒன்று கைப்பிடியில் மாட்டும், மற்றது லாட்சின் நெம்புகோலில் மாட்டும். உறையின் இரண்டு முனையிலும் பிளாஸ்டிக் கிளிப் உண்டு.

இங்கே ஒரு விஷயம் புரிந்தால் பாதி வேலை முடிந்தது. கம்பி இழுபட வேண்டுமானால் உறை அசையாமல் நிற்க வேண்டும். உறையைப் பிடித்திருக்கும் கிளிப் உடைந்தால், கம்பி அறுந்திருக்காது, குண்டும் கழன்றிருக்காது. ஆனாலும் கைப்பிடியை இழுக்கும்போது உறையும் சேர்ந்து நகரும். லாட்சுக்குப் போய்ச் சேர வேண்டிய இழுவை நடுவழியிலேயே தீர்ந்துவிடும். கம்பி முழுசாக இருப்பதைப் பார்த்துவிட்டு “கேபிள் நல்லாத்தான் இருக்கு, லாட்ச்தான் போச்சு” என்று முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான்.

வெளிக்கைப்பிடியிலிருந்து லாட்சுக்குப் பெரும்பாலான பழைய பிக்கப்புகளில் கேபிள் கிடையாது, நேரான இரும்புக் கம்பி போகும். சில மாடல்களில் அங்கேயும் கேபிள்தான். பூட்டுக் குமிழுக்கு இன்னொரு கேபிளோ கம்பியோ தனியாக இருக்கும்.

வெளியிலிருந்து திறக்கிறது, உள்ளிருந்து திறக்கவில்லை

இதுதான் அதிகம் வருவது. பின்கதவாக இருந்தால் முதலில் கதவைத் திறந்து, லாட்ச் இருக்கும் விளிம்பில் உள்ள சின்ன சைல்டு லாக் நெம்பைப் பாருங்கள். சாக்கு ஏற்றும்போதோ கழுவும்போதோ அது தட்டுப்பட்டுப் பூட்டும் நிலைக்கு மாறியிருந்தால் உள்கைப்பிடி வேலை செய்யாது. அது கோளாறு அல்ல. பூட்டுக் குமிழ் முழுமையாகத் திறந்த நிலையில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பல பிக்கப்புகளில் பூட்டிய கதவை உள்கைப்பிடி திறக்காது.

இரண்டும் சரி என்றால் உள்கைப்பிடியை மெதுவாக இழுங்கள். கொஞ்சம்கூடக் கனமில்லாமல், காற்றில் ஆடுவதுபோல் வந்தால் கம்பி அறுந்திருக்கிறது அல்லது குண்டு கழன்றிருக்கிறது. ஓரளவு கனமாக வந்து, கடைசி வரை இழுத்தும் கதவு திறக்கவில்லை, கதவுக்குள் ஏதோ நகரும் சத்தம் மட்டும் கேட்கிறது என்றால் உறையின் கிளிப்பைச் சந்தேகப்படுங்கள். கைப்பிடியே ஒரு பக்கமாகச் சாய்ந்து, கோணலாக வந்தால் கைப்பிடியின் அச்சு அல்லது அது உட்காரும் பிளாஸ்டிக் சட்டம் விரிசல் விட்டிருக்கும்.

அப்புறம் பேனல். கண்ணாடியை முழுவதும் மேலே ஏற்றிவிட்டு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். இந்த வரிசை முக்கியம். கண்ணாடி மேலே இருந்தால்தான் கதவின் கீழ்ப்பகுதியில் கை நுழைய இடம் கிடைக்கும். மின்சாரம் இல்லாவிட்டால்தான் கை உள்ளே இருக்கும்போது யாரும் தெரியாமல் சுவிட்சை அழுத்தி விரலை நசுக்க முடியாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கதவின் உள்தகட்டு ஓரங்கள் கத்தி மாதிரி இருக்கும்.

உள்கைப்பிடிக்குப் பின்னால் ஒரு ஸ்குரூ இருக்கும், பெரும்பாலும் சின்ன மூடிக்கு அடியில். கைவைக்கும் பிடியில் ஒன்றோ இரண்டோ இருக்கும். கண்ணாடி மூலையில் உள்ள முக்கோணத் துண்டைக் கழற்றுங்கள். கையால் சுற்றும் கண்ணாடி என்றால் அந்தச் சுற்றுக்கையையும் கழற்ற வேண்டும்; அதன் பின்னால் இருக்கும் வளைந்த கிளிப்பை ஒரு பழைய துணியை இடுக்கில் விட்டு இருபக்கமும் ஆட்டினால் வெளியே வரும். துணி வைக்காமல் செய்தால் அந்தக் கிளிப் எங்கேயாவது துள்ளி விழும், தேடிக் கண்டுபிடிப்பது பாடு.

பேனலின் ஓரக் கிளிப்புகளைக் கீழிருந்து ஒவ்வொன்றாக நெம்புங்கள். உலோக ஸ்குரூ டிரைவருக்குப் பதில் தட்டையான பிளாஸ்டிக் நெம்பு இருந்தால் நல்லது. பழைய கிளிப்பில் சில உடையத்தான் செய்யும். அதனால் வேலையைத் தொடங்கும் முன்பே கொஞ்சம் புதுக் கிளிப் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கிளிப்பும் விட்டதும் பேனலை நேராக மேலே தூக்க வேண்டும். உங்கள் பக்கம் இழுத்தால் மேல்விளிம்பு உடையும்.

உள்ளே ஒரு பிளாஸ்டிக் தாள் கறுப்புப் பசையால் ஒட்டியிருக்கும். தயவுசெய்து அதைக் கிழித்து எறியாதீர்கள். கண்ணாடி இடுக்கு வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைநீர் அறைக்குள் வராமல் தடுப்பது அந்தத் தாள்தான். தரை விரிப்பு எப்போதும் ஈரமாக நாறும் பல வண்டிகளில், யாரோ முன்னால் கதவு வேலை பார்த்துவிட்டு அந்தத் தாளைப் போடாமல் விட்டிருப்பார்கள். வெயிலில் பசை இளகி நூல் நூலாக இழுபடும். காலை நேரத்தில், நிழலில் உரித்தால் சுத்தமாக வரும். கிழிந்துபோனால் கனமான பிளாஸ்டிக் தாளை அதே அளவுக்கு வெட்டி ஒட்டுங்கள்.

இப்போது கேபிளின் இரண்டு முனையையும் பாருங்கள். கைப்பிடிப் பக்கத்துக் குண்டு அதன் பள்ளத்தில் இருக்கிறதா? உறைக் கிளிப் அதன் பிடியில் இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறதா? ஒருவரைக் கைப்பிடியை இழுக்கச் சொல்லி, நீங்கள் உறையைப் பாருங்கள். உறை நகர்ந்தால் கோளாறு கிடைத்துவிட்டது. உறை அசையாமல் கைப்பிடி மட்டும் வந்தால் லாட்ச் பக்கம் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். அறுந்த கம்பியின் இழைகள் ஊசிபோல் குத்தும், கவனம்.

வண்டி நாள் முழுக்க வெயிலில் நின்றால் பிளாஸ்டிக் இறுகி நொறுங்கும், அது எங்கேயும் நடப்பதுதான். தோட்டத்து வண்டிக்கு இன்னொரு எதிரியும் உண்டு: உரம். செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. அதுவும் உப்பு வகைதான். ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பை வேகமாக அரிக்கும். உர மூட்டை ஏற்றிய கையோடு கதவைத் திறந்து மூடும் வண்டியில், கைப்பிடிப் பக்கத்துக் குண்டைச் சுற்றி வெள்ளையும் துருவும் கலந்து படிந்திருப்பதைப் பார்க்கலாம். கம்பி அறுவதும் பெரும்பாலும் அந்த வளைவில்தான்.

உள்ளிருந்து திறக்கிறது, வெளியிலிருந்து திறக்கவில்லை

கேபிளை விடுங்கள். வெளிக்கைப்பிடியின் நெம்பு உடைந்திருக்கும், அல்லது அதற்கும் லாட்சுக்கும் நடுவில் போகும் இரும்புக் கம்பியைப் பிடித்திருக்கும் சின்னப் பிளாஸ்டிக் கிளிப் கழன்றிருக்கும். பேனலைத் திறந்ததும் கம்பி தொங்கிக்கொண்டிருப்பது கண்ணில் படும். கிளிப் மட்டும் என்றால் மலிவு. வெளிக்கைப்பிடியிலும் கேபிள் உள்ள மாடல் என்றால் மேலே சொன்ன சோதனையே இதற்கும் பொருந்தும்.

இரண்டு பக்கமும் திறக்கவில்லை

ஆட்கள் பதறுவது இங்கேதான். மூடிய கதவின் பேனலை எப்படிக் கழற்றுவது? பொறுமையாகப் போனால் பெரும்பாலும் எதையும் உடைக்காமல் திறக்கலாம்.

முதலில் ஒருவர் வெளியே நின்று, லாட்ச் இருக்கும் இடத்தில் இடுப்பை வைத்துக் கதவை உள்பக்கமாக அழுத்தட்டும். கதவைச் சுற்றியுள்ள ரப்பர் எப்போதும் கதவை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். அந்த அழுத்தத்தால் லாட்சின் தடுப்பு நாக்கு இறுகிப் பிடித்திருக்கும். வெளியே இருப்பவர் அழுத்தும்போது இறுக்கம் தளரும். அதே நேரம் உள்ளே இருப்பவர் பூட்டுக் குமிழை ஏற்றி இறக்கிக்கொண்டே கைப்பிடியை மெதுவாகக் கடைசி வரை இழுக்கட்டும். இழுவை பாதிதான் போய்ச் சேருகிறது என்றால் இந்த உதவியிலேயே கதவு திறந்துவிடும்.

அது பலிக்கவில்லை என்றால் உள்கைப்பிடியின் ஸ்குரூவை மட்டும் எடுங்கள். பல பிக்கப்புகளில் கைப்பிடிச் சட்டம் பேனலிலிருந்து தனியாக வெளியே வரும், கேபிள் அதோடு தொங்கும். ஒரு கையால் உறையை அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கம்பியைப் பிளையரால் பிடித்து இழுங்கள். கோளாறு கைப்பிடிப் பக்கத்தில் இருந்தால் கதவு டக்கென்று திறக்கும். பேனலையே தொட வேண்டியதில்லை. இந்த ஒரு வழி தெரியாமல் எத்தனையோ பேனல்கள் வீணாக உடைபட்டிருக்கின்றன.

கம்பி கையோடு வந்துவிட்டாலோ, இழுத்தும் பயனில்லை என்றாலோ, கோளாறு லாட்ச் பக்கம். மூடிய கதவிலேயே பேனலைக் கழற்ற வேண்டும். முன்கதவு என்றால் இருக்கையைக் கடைசி வரை தள்ளுங்கள். பின்கதவு என்றால் பின் இருக்கையின் அடிப்பகுதியைக் கழற்றினால் இடம் கிடைக்கும். ஸ்குரூ எல்லாம் உள்பக்கமாகவே இருக்கும் மாடலில் இது முடிகிற வேலை. விளிம்பில், தூணுக்குப் பின்னால் ஸ்குரூ உள்ள மாடலில் அந்த மூலையை மட்டும் வளைத்து, கை நுழையும் அளவு இடைவெளி எடுக்க வேண்டியிருக்கும்; அந்த மூலை விரியலாம் என்பதை முன்கூட்டியே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தாளை விலக்கி, கதவின் பின்விளிம்புப் பக்கம் கையை விட்டு, கேபிள் போய்ச் சேரும் நெம்புகோலை விரலால் தேடித் தள்ளுங்கள். பூட்டு திறந்த நிலையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் நெம்புகோல் சும்மா அசையும்.

நெம்புகோலை நேராக விரலால் தள்ளியும் லாட்ச் விடவில்லை என்றால் மட்டுமே லாட்ச் போய்விட்டது என்று சொல்லலாம். அதற்கு முன்னால் யார் சொன்னாலும் அது ஊகம்தான்.

கைப்பிடி கனக்கிறது, இழுத்தால் திரும்புவதில்லை. அல்லது கதவு மூடாமல் எகிறுகிறது

இரண்டும் ஒரே குடும்பம். கம்பி உறைக்குள் துருப்பிடித்து இறுகினால் கைப்பிடி கனக்கும், விட்டதும் திரும்பாது. திரும்பாத கம்பி லாட்சின் நாக்கை விலக்கியே வைத்திருப்பதால் கதவு பிடிக்காமல் எகிறும்.

கேபிளின் லாட்ச் முனையைக் கழற்றிவிட்டுக் கதவு லாட்சைச் சோதியுங்கள். லாட்சின் கொக்கியை ஸ்குரூ டிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளினால் இரண்டு முறை ‘கிளிக்’ கேட்க வேண்டும். நெம்புகோலைத் தொட்டதும் விட்டுவிட வேண்டும். அப்படி நடந்தால் லாட்ச் நலம், கேபிளைத்தான் மாற்ற வேண்டும். உறைக்குள் துருப்பிடித்த கேபிளுக்கு எண்ணெய் விட்டுக் காப்பாற்றுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கொஞ்ச நாள் ஓடும், அப்புறம் அறுந்தே போகும். அதுவும் கதவு மூடியிருக்கும்போதுதான் அறும்.

கேபிளைக் கழற்றியும் கொக்கி சோம்பலாக அசைந்தால் லாட்சுக்குள் செம்மண்ணும் பழைய கிரீஸும் சேர்ந்து கெட்டியாகியிருக்கும். டபிள்யூடி-40 அடித்துக் கழுவுங்கள், உலர விடுங்கள், பிறகு வெள்ளை லித்தியம் கிரீஸ் போடுங்கள். டபிள்யூடி-40 மட்டும் அடித்துவிட்டு நிறுத்தினால் அது காய்ந்ததும் மறுபடி அதே கதைதான். கெட்டியான பேரிங் கிரீஸை இங்கே அப்ப வேண்டாம், தோட்டத்துப் புழுதியை அது சேர்த்து வைக்கும்.

பூட்டுக் குமிழ் மட்டும் ஆடுகிறது

பூட்டுக் கேபிளின் முனை கழன்றிருக்கும். சென்ட்ரல் லாக் மோட்டார் சத்தம் போட்டும் குமிழ் அசையவில்லை என்றாலும் முதலில் பார்க்க வேண்டியது இதே முனைதான்.

கேபிள் வாங்கும்போது

பழைய கேபிளைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், வண்டி கிராண்டின் (பதிவுப் பத்திரத்தின்) நகலையும் சேர்த்து. முன்கதவும் பின்கதவும் ஒரே நீளம் இல்லை. இடது வலது மாறும் மாடலும் உண்டு. கடையில் “அண்ணே, லாட்சு வேண்டாம், கேபிள் மட்டும் தனியா இருக்கா?” என்று தெளிவாகக் கேளுங்கள். சுங்கை சிப்புட்டில் கிடைக்கவில்லை என்றால் ஈப்போவில் தேடலாம். பழைய வண்டிகளின் உதிரி விற்கும் ஹாஃப்கட் கடையில் எடுப்பதாக இருந்தால் கம்பியை உறைக்குள் முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். சரக்கென்று உரசினால் வாங்க வேண்டாம். அதன் வயதும் உங்கள் கேபிளின் வயதும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பது நினைவில் இருக்கட்டும்.

அளக்கும்போது மொத்த நீளத்தைவிட முக்கியமானது, உறைக்கு வெளியே தெரியும் கம்பியின் நீளம். உறை ஒரு விரல் கூடினாலும் வளைத்துப் பொருத்திவிடலாம். வெளியே தெரியும் கம்பி கூடினால் இழுவை போதாது. குறைந்தால் லாட்ச் எப்போதும் பாதி இழுபட்ட நிலையிலேயே நிற்கும், கதவு பிடிக்காது.

போடும்போது பழைய கேபிள் போன அதே வழியில் போடுங்கள். கண்ணாடி இறங்கும் பாதையில் குறுக்கே வரக்கூடாது, கூர்மையான மடிப்பும் கூடாது. நடுவில் கதவுத் தகட்டோடு பிடிக்கும் கிளிப் இருந்தால் அதை விட்டுவிடாமல் மாட்டுங்கள். கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் வடியும் துளைகள் சேற்றால் அடைத்திருக்கும். பேனல் திறந்திருக்கும்போதே ஒரு கம்பியால் குத்திவிடுங்கள். அங்கே தேங்கும் தண்ணீர்தான் கதவின் உள்பக்கத்தை எப்போதும் ஈரமாக வைத்திருக்கிறது.

புதுக் கேபிள் வரும் வரை

உறைக் கிளிப் மட்டும் உடைந்திருந்தால், உறையின் முனையைப் பழைய பிடியிலேயே வைத்து இரண்டு கேபிள் டையை எதிரெதிராகக் குறுக்கே இறுக்குங்கள். நல்ல பிடிப்புக் கிடைக்கும். சூப்பர் குளூ நிற்காது, அந்த பிளாஸ்டிக்கில் ஒட்டுவதே இல்லை.

கம்பி குண்டுக்குப் பக்கத்தில் அறுந்திருந்தால், காப்சாய் (சின்ன மோட்டார் சைக்கிள்) சரிசெய்யும் கடையில் ஸ்குரூ வைத்து இறுக்கும் கேபிள் குண்டு கேட்டுப் பாருங்கள். கம்பியில் கோத்து இறுக்கினால் போதும், ஆனால் வெளியே தெரியும் நீளம் அறுந்த அளவுக்குக் குறைந்திருக்கும், அதைச் சரிபார்க்க வேண்டும். நீளம் போதவில்லை என்றால் உள்கம்பியை மாற்றலாம். சைக்கிள் பிரேக் கம்பி சுமார் 1.5 மி.மீ. தடிமன் இருக்கும், கியர் கம்பி அதைவிட மெல்லியது. உங்கள் உறைக்குள் எது உரசாமல் ஓடுகிறதோ அதைப் போடுங்கள். தூண்டில் ஈயத்தை நசுக்கி வைப்பது வேண்டாம். ஈயம் மென்மையானது, நாலு இழுப்பில் நழுவும். இவை எல்லாம் புதுக் கேபிள் வரும் வரைதான். பிள்ளைகள் உட்காரும் கதவில் அந்த இடைவெளியைக்கூட நீட்ட வேண்டாம்.

கதவை மூடும் முன்

பேனலை மாட்டும் முன், கதவு திறந்திருக்கும்போதே, ஸ்குரூ டிரைவரால் லாட்சின் கொக்கியை இரண்டு ‘கிளிக்’ வரை தள்ளுங்கள். உள்கைப்பிடியை இழுங்கள்: கொக்கி விட வேண்டும். மறுபடி தள்ளி வெளிக்கைப்பிடியை இழுங்கள். பூட்டிப் பாருங்கள், திறந்து பாருங்கள். பேனல் மாட்டிய பிறகு இதே சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள், ஏனென்றால் பேனல் உட்காரும்போது கேபிள் நசுங்க வாய்ப்புண்டு. இதெல்லாம் முடியும் வரை கதவை யாரும் சாத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேலை செய்யாத கேபிளோடு கதவு மூடிக்கொண்டால் மறுபடி முதலிலிருந்து, அதுவும் மூடிய கதவில்.

பின்னால் சரக்குத் தட்டின் கதவு ஒரு பக்கம் மட்டும் விடுகிறது என்றால் அதுவும் இதே இனம்தான். நடுக் கைப்பிடியிலிருந்து இடமும் வலமும் இரண்டு கம்பி போகும். விடாத பக்கத்துக் கிளிப்பைப் பாருங்கள்.

ஒரு கதவில் கேபிள் அறுந்திருந்தால் மற்ற மூன்றும் அதே வயது, அதே வெயில், அதே உரத்தூள் பட்டவை. கையில் கிளிப்பும் கருவியும் இருக்கும் அன்றே மற்றக் கதவுகளின் கைப்பிடிச் சட்டத்தையும் கழற்றி, கம்பி குண்டில் சேரும் இடத்தை ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். ஓரிரு இழை பிரிந்து நின்றாலே அந்தக் கதவுக்கும் சேர்த்துக் கேபிள் வாங்கிவிடுங்கள்.